தீக்குச்சிகளும் மன உறுதியும்: என் அனுபவம்

மன உறுதியைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். அதற்குப் பெரிய சபதம் எதுவும் வேண்டாம். எதற்கும் உதவாத சின்ன வேலை ஒன்று போதும், அதை ஒழுங்காகச் செய்தால்.

நான் எடுத்துக்கொண்டது தீக்குச்சிப் பயிற்சி. பாய்ட் பாரெட் என்ற யேசு சபைத் துறவி 1915-ல் வெளியிட்ட பயிற்சிகளில் ஒன்று. 100 குச்சிகளை ஒவ்வொன்றாக, நிதானமாக, பெட்டிக்குள் திரும்ப அடுக்க வேண்டும். முடிந்ததும் மனதில் என்ன ஓடியது என்று எழுதி வைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் சுலபமாகத்தான் இருக்கும். அப்புறம் விரல்கள் தாமாகவே வேகமெடுக்கும். ரெண்டு குச்சியைச் சேர்த்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். முதுகு அரிக்கும். யாருக்கோ அவசரமாகப் பேச வேண்டியது அப்போதுதான் ஞாபகம் வரும். பயிற்சி தொடங்குவதே இங்கேதான். அந்த நினைப்போடு மல்லுக்கட்டாமல், வந்திருக்கிறது என்று கவனித்துவிட்டு அடுத்த குச்சியை எடுத்தால், கொஞ்ச நேரத்தில் அது தானாக வடிந்துவிடும். வடிந்துவிடும் என்பதை உடம்பே கற்றுக்கொண்டதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். கோபத்தில் ஒரு பதிலைத் தட்டிவிட்டு, அனுப்புவதற்கு முன் கட்டைவிரல் துடிக்கும்போது, இதுவும் அதே அவசரம்தான் என்று இப்போது அடையாளம் தெரிகிறது. விரலை எடுத்துவிட முடிகிறது.

எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் நோட்டில் முதலில் 'சலிப்பு' என்ற ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப இருக்கும். சலிப்பு எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நினைத்தேன் என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் மனம் நழுவும் வழி பிடிபட்டது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பேச்சை நம்பிச் சோர்ந்துபோக வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த கணக்கு ஏறத்தாழ 66 நாள். அதுவும் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே விட்டுப்போனால் மறுநாள் உட்கார்ந்தால் போதும்.

தூக்கம் கெட்ட நாட்களில் நான் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வேன், வேகத்தை மட்டும் கூட்டமாட்டேன். வேறு பயிற்சி செய்பவர்கள், உங்கள் மனம் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்று எழுதுங்கள்.