அப்பா வரைந்த பனிமுயலைக் காப்பாற்ற உதவுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். தேன்கனிக்கோட்டையில் ஓவிய ஆசிரியராக இருந்த என் அப்பா 1986இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் இருக்கிறது. பனி மூடிய வெளியில் ஒரு வெள்ளை முயல். குளிர்காலத்தில் உடலெல்லாம் வெளுத்தாலும் காது நுனி மட்டும் கறுப்பாகவே இருக்கும் மலைமுயல் அது. ஸ்வீடன் ஓவியர் புரூனோ லில்யேஃபோர்ஸின் (1860–1939) படங்கள் என்றால் அப்பாவுக்கு உயிர். பனி விழுந்து அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் முயலின் காலடித் தடங்களில் நிழலைச் சாம்பலாக அல்ல, நீலமாகத் தீட்டியிருக்கிறார்.

அந்த நீலத்தின் மேல்தான் இப்போது பூஞ்சை படர்ந்திருக்கிறது. சட்டம் மாற்றக் கொடுத்த கடையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். முயலின் முதுகில் நகமளவு வண்ணம் பெயர்ந்துவிட்டது. உதிர்ந்த செதில்களைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

பழைய எண்ணெய் ஓவியங்களைச் செப்பனிடத் தெரிந்தவர் தருமபுரி, ஓசூர், பெங்களூரு பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மேலே புது வண்ணம் பூசித் தருபவர்கள் வேண்டாம். அப்பாவின் தூரிகைத் தடம் அழியக் கூடாது. இப்போதைக்கு வெயில் படாத, காற்றோட்டமான அறையில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். மேலும் உதிராமலிருக்கப் படுக்கவைக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் இதையாவது உடனே சொல்லுங்கள்.