ஜிப்ஸி முன் பம்பர்: போல்ட் சும்மா சுத்துது, கழல மாட்டேங்குது

உப்பளக்காற்று:
மாருதி ஜிப்ஸி, தூத்துக்குடி கடலோரத்துலயே ஓடுற வண்டி. முன் பம்பரோட கீழ்மடிப்பை துரு தின்னுடுச்சு, விரலால அழுத்தினாலே உதிருது. ஒட்டுப் போட இனி தகடு இல்ல, மாத்தணும். வலது பக்க போல்ட் எல்லாம் வந்துடுச்சு. இடது பக்கம் ஒண்ணு தலை மழுங்கிடுச்சு, இன்னொண்ணு உள்ள இருக்கற நட்டோட சேர்ந்து சுத்துது. புது பம்பரை 5 மி.மீ. தகட்டுல பட்டறையில செய்யச் சொல்லலாமா?

டிங்கர்மணி:
பம்பரை விடுங்க, முதல்ல சேஸிஸ் (வண்டியோட இரும்புச் சட்டம்) நுனியைப் பாருங்க. பம்பர் அந்த அளவுக்குப் போயிருந்தா அது உட்கார்ந்திருந்த இடமும் அடி வாங்கியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுட்டு சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே வாங்க. கணீர்னு கேட்டா தகடு இருக்கு. மொத்தையா கேட்டா அந்த இடத்துல ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிப் பாருங்க. உள்ள இறங்கினா வெட்டி புதுத் தகடு வச்சுதான் ஆகணும், அதுக்கு அப்புறம்தான் பம்பர்.

மழுங்கின தலைக்கு: அது 14 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கிற தலைன்னா, 13 நம்பர் ஆறுமூலை சாக்கெட்டை சுத்தியலால அடிச்சு ஏத்துங்க. பன்னிரண்டு மூலை சாக்கெட் வேண்டாம், வழுக்கும். ஊடுருவுற எண்ணெயை முந்தின ராத்திரியே விட்டு வைங்க. ஒரே இழுப்புல கழட்டப் பாக்காதீங்க. கால் சுத்து முன்ன, கால் சுத்து பின்ன. துருத்தூள் மரையை விட்டு வெளிய வரணும், இல்லன்னா போல்ட் முறிஞ்சுடும். சூடு காட்டுறதா இருந்தா பக்கத்துல பிரேக் பைப், வயரிங் இருக்கான்னு பாத்துட்டு, எண்ணெயைத் துடைச்சுட்டு காட்டுங்க.

சுத்துற போல்ட்டோட மல்லுக்கட்ட வேண்டாம். உள்ள வெல்ட் வச்ச நட்டு பேந்துடுச்சு. கிரைண்டர்ல 1 மி.மீ. டிஸ்க் போட்டு தலையை அறுத்து, மிச்சத்தை உள்ள தட்டி, காந்தத்தால எடுத்துடுங்க. போல்ட் முன்முகத்துல நுழையற இடம்னா, 6 மி.மீ. பட்டையில புது நட்டை வெல்ட் வச்சு, கட்டுக்கம்பியால சேஸிஸுக்குள்ள இழுத்து ஓட்டைக்கு நேரா நிறுத்தலாம். பக்கச் சுவர் வழியா போற இடம்னா குறுக்கே முழு போல்ட்தான். ஆனா உள்ள 11 மி.மீ. துளையுள்ள கனமான குழாய் வச்சு வெல்ட் பண்ணாம முறுக்கினா சேஸிஸ் பெட்டி நசுங்கிடும். வெல்டிங் முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க.

காட்டுப்பாதை:
5 மி.மீ. தேவையே இல்ல. ஒரு சதுர மீட்டர் தகடு, 1 மி.மீ. கனத்துக்கே 7.85 கிலோ. 3 மி.மீ.ல 24 கிலோ கிட்ட, 5 மி.மீ.ல 39 கிலோ. இந்தக் கூடுதல் பாரம் முழுக்க முன் பட்டை ஸ்பிரிங்ல ஏறும், பிரேக் பிடிச்சா மூக்கு குத்தும். 3 மி.மீ. தகட்டை மடிச்சு எடுத்தாலே தேவையான விறைப்பு கிடைக்கும். இழுவைக் கொக்கியை மட்டும் பம்பர்ல வைக்காதீங்க, அது சேஸிஸ்ல நேரா பூட்டணும்.

மேல குழாய் வளைச்சு வைக்கிற ஆசை இருந்தா அதையும் விட்டுடுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு அது விரோதம்னு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிடுச்சு.

உப்பளக்காற்று:
சரிங்க, 3 மி.மீ. தான். பெயிண்டுக்கு பவுடர் கோட்டிங் போதுமா? போல்ட் ஸ்டெயின்லெஸ் போட்டுக்கலாமா?

டிங்கர்மணி:
வெறும் இரும்பு மேல பவுடர் கோட்டிங் உங்க ஊர்ல தாங்காது. ஒரு கல்லு தெறிச்சா போதும், அந்தப் புள்ளி வழியா உப்புத்தண்ணி தோலுக்கு அடியில பரவும். மேல பளபளன்னு இருக்கும், அடியில துரு ஓடும். வசதி இருந்தா ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கறது) பண்ணிட்டு மேல பெயிண்ட். மூடின பெட்டியா செஞ்சா காத்துப்போக ஓட்டை கட்டாயம், இல்லன்னா துத்தநாகத் தொட்டியில வெடிக்கும். வெல்டிங் எல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். கால்வனைஸ் கிடைக்கலன்னா 80 நம்பர் எமரில தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட், மேல பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட். கீழ்மடிப்புல ரெண்டு ஓரத்துலயும் 10 மி.மீ. வடிகால் ஓட்டை போடுங்க. பழசு அங்கதான் அழுகியிருக்கு, சேறு தேங்கற இடம். காஞ்சதும் உள்பக்கம் கேவிட்டி வேக்ஸ் (துரு தடுக்கற மெழுகு) அடிங்க.

போல்ட் உட்காருற முகத்துல பெயிண்ட் தடிப்பா வேண்டாம். அது நாளாக அமுங்கும், போல்ட் தளரும். பிரைமர் மட்டும் மெல்லிசா.

போல்ட்நட்டு:
ஸ்டெயின்லெஸ் வேண்டாம். கடையில கிடைக்கறது ஏ2-70ங்கற ஸ்டெயின்லெஸ் ரகம், 8.8 கிரேடு இரும்பு போல்ட்டோட பலம் அதுக்கு இல்ல, நட்டும் மரையில கடிச்சுக்கும். துத்தநாக முலாம் போட்ட 8.8 வாங்குங்க. ஜப்பான் டிசைன் வண்டியில எம்10 (10 மி.மீ. போல்ட்) மரை பெரும்பாலும் 1.25 பிட்ச் (மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி), ஹார்டுவேர் கடையில சாதாரணமா தர்ற எம்10 1.5 பிட்ச். ரெண்டு சுத்து கையால போகும், அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டு அமுக்கினா நல்லா இருக்கற வலது பக்க நட்டும் போயிடும். கழட்டின பழைய போல்ட்டையே கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

எல்லா போல்ட்டையும் கையால ஏத்தி, பம்பரை மட்கார்டோட இடைவெளி பாத்து நிறுத்தி, அப்புறம் 45 நியூட்டன் மீட்டர் கிட்ட முறுக்குங்க. 500 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சுப் பாத்துடுங்க.