ஸ்டாக் கார்டு மதிப்பை எங்கிருந்து எடுப்பது? எஸ்டிஎம்32 தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மண்டபம், பாம்பன் விசைப்படகுகளுக்கான எல்லை எச்சரிக்கைக் கருவி. சிப் எஸ்டிஎம்32எஃப்103சி8: ஃப்ளாஷ் 64 கேபி, ராம் 20 கேபி. ஜிபிஎஸ் வரி 82 எழுத்தைத் தாண்டி வந்தால் பஃபர் வழியும். அதனால் ஸ்டாக் ப்ரொடெக்டர் ஸ்ட்ராங் போட்டாயிற்று (ஸ்டாக்கில் வைத்த ‘கார்டு’ என்ற காவல் எண் கெட்டிருக்கிறதா என்று ஃபங்ஷன் திரும்பும்போது பார்க்கும் கம்பைலர் வசதி).

ஸ்டாண்டர்டு லைப்ரரி இல்லாத பில்ட் என்பதால் கார்டு வேரியபிள், அது கெட்டிருந்தால் அழைக்கப்படும் ஃபெயில் ஃபங்ஷன் இரண்டுக்கும் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’. நாமே எழுதினால் லிங்க் ஆகிறது. எல்டிஓ (லிங்க் நேர ஆப்டிமைசேஷன்) சேர்த்தால் மறுபடி அதே பிழை. காரணம், ஃபெயில் ஃபங்ஷனுக்கான அழைப்பை கம்பைலர் கடைசியில்தான் நுழைக்கிறது; யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் என்று அதற்குள் எல்டிஓ தூக்கிவிடுகிறது. ‘யூஸ்டு’ (நீக்காதே) ஆட்ரிபியூட் கொடுத்ததும் தீர்ந்தது. (ப்ரொடெக்டரையே அணைக்கச் சொல்லாதீர்கள், ப்ளீஸ்.)

இப்போது கார்டு மாறாத எண்ணாக இருக்கிறது; ஊகிக்க முடியாத எண்ணாக வேண்டும். இந்தச் சிப்பில் ரேண்டம் ஜெனரேட்டர் கிடையாது. 96 பிட் யுனிக் ஐடி ரகசியமும் இல்லை. வெப்ப சென்சார் ஏடிசியின் (அனலாக் அளவை எண்ணாக்கும் பகுதி) கடைசி பிட்டுகளைக் கலந்தால் போதுமா, எத்தனை சாம்பிள்? ரீசெட்டிலும் அழியாத பேக்கப் ரெஜிஸ்டரில் பழைய விதையை (சீட்) வைத்துக் கலப்பது பயன்படுமா? மதிப்பை எழுதும் ஃபங்ஷனுக்கு ப்ரொடெக்டர் கூடாது, திரும்பும்போதே ஃபெயில் ஆகும் என்பது தெரியும்.

இன்னொன்று: ஃபெயில் ஆனால் உடனே ரீசெட்டா, பஸ்ஸரை அடித்துவிட்டு ரீசெட்டா? நடுக்கடலில் சத்தமில்லாமல் உறைந்து நிற்பதுதான் ஆகாது.