மறு: மறு: மறு: சொல் தேவை, வெள்ளிக்கிழமைக்குள் (காற்றுக்குழாய், சூடு, தண்ணீர்)

கையேடு எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஏழு பக்கம் முடிந்து எட்டாவதில் மாட்டிக்கொண்டேன். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய கூம்பு ஃபில்டரையும் குழாயையும் மாட்டுகிறார்கள் இல்லையா, அதை இன்ஜின் சூட்டிலிருந்தும் மழைத் தண்ணீரிலிருந்தும் எப்படிக் காப்பது என்பதுதான் பாடம்.

மூன்று சொல் வேண்டும். அந்தக் குழாய், ஃபில்டர் மொத்தத்துக்கும் ஒன்று. சூடு ஃபில்டரில் படாமல் நடுவில் நிறுத்தும் அலுமினியத் தகட்டுக்கு ஒன்று. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து இன்ஜின் இறுகி நிற்பதற்கு ஒன்று. இப்போதைக்கு 'பின்சந்தை உள்ளிழுப்பு அமைப்பு', 'வெப்பக் கேடயம்', 'நீரடைப்பு' என்று போட்டு வைத்திருக்கிறேன். மூன்றும் எனக்கே பிடிக்கவில்லை.

பட்டறை எழுதியது:

அக்கா, நீரடைப்பு என்றால் பையன்கள் சிரிப்பார்கள். எங்கள் தாத்தாவுக்கு வந்து டியூப் போட்டார்கள். பின்சந்தை என்றால் மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் என்று நினைப்பார்கள். கடையில் 'கம்பெனி சாமான்', 'வெளிச்சாமான்' என்றுதான் பேச்சு, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதற்குப் பட்டறையில் 'வண்டி தண்ணி குடிச்சிடுச்சு' என்போம், அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை. எவ்வளவு குடித்தால் போதும் தெரியுமா? 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி என்று வைப்போம். ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. அமுக்க விகிதம் (பிஸ்டன் கீழே நிற்கும்போது இருக்கும் இடம், மேலே நிற்கும்போது இருப்பதைப் போல எத்தனை மடங்கு என்பது) 11 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் வெறும் 30 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. அதற்கு மேல் ஒரு சொட்டு இருந்தாலும் காற்று மாதிரி அது அமுங்காது, பிஸ்டன் போய் முட்டும், அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராட் வளையும். டீசல் என்றால் விகிதம் 16, 17 என்று இருக்கும், இடம் இன்னும் குறைச்சல்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழை முடிந்த வாரம் எங்கள் ஷெட்டுக்கு ஒரு வண்டி கட்டி இழுத்து வந்தார்கள். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால் பனிவிளக்கை ஒட்டித் தொங்கியது. ஓனர் வேறு நாலைந்து தரம் செல்ஃப் அடித்திருக்கிறார். ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிவிட்டுச் சுற்றினோம், செம்மண் நிறத் தண்ணீர் பானெட் தகட்டில் போய் அடித்து எங்கள் தலையில் சொட்டியது. மூன்றாவது ராட் வளைந்திருந்தது. நின்றவுடன் சாவியைத் தொடாமல் விட்டிருந்தால் ஒருவேளை பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றுவதோடு போயிருக்கும். இந்த ஒரு வரியைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள், சொல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

தூய்மை எழுதியது:

பட்டறைத் தம்பியின் செய்தி பயனுள்ளது. ஆனால் ஒரே மடலில் எத்தனை ஆங்கிலச் சொல் என்று எண்ணத் தொடங்கிப் பதினைந்தில் நிறுத்திவிட்டேன். போகட்டும். அம்மா, 'கேடயம்' வடசொல். 'கவசம்' என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அதுவும் வடசொல். 'கிடுகு' இருக்கிறது. படைக்கலத்தைத் தடுக்கும் பலகைக்கு நம் பழைய சொல். 'வெப்பக்கிடுகு' என்று வையுங்கள்.

கிடுகுவேலி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்குக் கிடுகு என்றால் பின்னிய தென்னோலை. அதில்தான் வேலி அடைப்பது, கூரை வேய்வது. இன்ஜினுக்குப் பக்கத்தில் கிடுகு வை என்று சொன்னால் தீயணைப்புப் படைக்கும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டி வரும். இன்னொன்று, நாங்கள் பள்ளியில் காற்றை 'வளி' என்றுதான் படித்தோம், நீங்கள் அழுத்தம் என்பது எங்களுக்கு அமுக்கம். 'வளிக்குழாய்' என்றால் சின்னதாக, வாயில் நிற்கிற மாதிரி இருக்கும்.

தூய்மை எழுதியது:

> கிடுகு என்றால் பின்னிய தென்னோலை

இரண்டும் ஒரே சொல்தான் என்பது என் கருத்து. மறைப்பதற்குப் பின்னியது எதுவோ அது கிடுகு. முதலில் ஓலையும் பிரம்பும், பிறகு தோல், பிறகு பலகை. பொருள் மாறினாலும் வேலை மாறவில்லை. அலுமினியம் ஏன் ஆகாது?

ஓலை எழுதியது:

தகடு கிடக்கட்டும், குழாய்க்கு வருவோம். மலைபடுகடாத்தில் 'களிற்றுயிர்த் தூம்பு' என்று ஓர் இசைக்கருவி வருகிறது. யானை பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் நீண்ட குழல். உயிர் என்றால் இங்கே மூச்சு. வெளிச்சாமான் ஃபில்டர் மாட்டிய வண்டி ஆக்சிலேட்டரை அழுத்தியதும் ஒரு பெருமூச்சு விடுமே, கேட்டிருக்கிறீர்களா? அதே ஒலி! மூச்சு, குழாய், நீளம், ஒலி, நான்கும் ஒரு சொல்லுக்குள் அடக்கம். 'உயிர்த்தூம்பு' என்று வையுங்கள் அம்மா. தண்ணீரில் இறங்கும் ஜீப்புகளில் கண்ணாடி ஓரமாக மேலே தூக்கி வைத்திருக்கும் குழாய் இருக்கிறதே, அதற்குத் 'தும்பிக்கை'. தும்பிக்கையே தூம்புக்கைதான் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

தூய்மை எழுதியது:

தும்பி என்றாலே யானை. தும்பி கூட்டல் கை. இதில் தூம்பு எங்கே வந்தது?

ஓலை எழுதியது:

யானைக்குத் தும்பி என்ற பெயர் எதனால் வந்தது என்று கேட்டுப் பாருங்கள், அதன் மூக்கில் இருக்கும் தூம்பினால். உட்டுளை உள்ளதெல்லாம் தூம்பு. துதிக்கை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், நேரம் கிடைக்கும்போது தனி மடலாக எழுதுகிறேன்.

பட்டறை எழுதியது:

ஐயா, எங்கள் ஊர் ஏரியில் தூம்பு என்றால் மதகு. தண்ணீர் போகிற வழி. தண்ணீர் போகவே கூடாத குழாய்க்கு அந்தப் பெயரா?

கையேடு எழுதியது:

நேற்று இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்து எல்லா மடலையும் படித்தேன். யானை மிக நன்றாக இருந்தது. இன்று புதன்கிழமை என்பதை நினைவூட்டுகிறேன். தகட்டைப் பற்றி யாராவது கொஞ்சம் சொன்னால் சொல்லைத் தேட வசதியாக இருக்கும், அது செய்யும் வேலை என்ன?

பட்டறை எழுதியது:

அக்கா, ஃபில்டரை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி. பானெட்டுக்குள்ளேயே உயரத்தில் வைத்தால் தண்ணீர் பயம் குறைவு, ஆனால் ரேடியேட்டரும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் காய்ச்சிய காற்றை இழுக்கும். கீழே பம்பர் பக்கம் வைத்தால் குளிர்ந்த காற்று, ஆனால் மழைத் தண்ணீர் தேங்கும் துரைசாமி சுரங்கப்பாதையில் இறங்கினால் கதை முடிந்தது. 30 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குப் போனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும், அந்த அளவுக்கு இன்ஜினுக்குப் பிராணவாயு நட்டம். போதாக்குறைக்கு சூட்டைப் பார்த்த சென்சார் இக்னிஷனையும், அதாவது பிளக் பொறி விடும் நேரத்தையும், தாமதப்படுத்தும். சத்தம் கூடும், இழுவை குறையும், காசு கொடுத்து வாங்கிய வினை. எங்கள் சென்னைக்கு மேலே வைத்துத் தகடு அடிப்பதுதான் சரி என்பேன்.

தகட்டை நிறுத்தினால் மட்டும் போதாது. அதன் மேல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, பானெட்டை மூடும்போது அது போய் அழுந்த வேண்டும். இல்லாவிட்டால் சூடு மேலே ஏறிச் சுற்றி வந்துவிடும், தகடு வெட்டியாக நிற்கும். வெளிக்காற்று வர முன்பக்கம் ஒரு வழி விட வேண்டும், அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. ஃபில்டர் மேல் போடும் தண்ணீர் ஒட்டாத துணி உறை இருக்கிறதே, சாரலுக்கு அது சரி. முங்கினால் அது ஒன்றும் செய்யாது. இதைப் பையன்களுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள், ஏனென்றால் விற்கிறவர் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை.

கிடுகுவேலி எழுதியது:

அப்படியென்றால் அது தட்டிதானே? ஒரு பக்கத்தை மறைக்க நிறுத்துவது. வெப்பத்தட்டி.

ஓலை எழுதியது:

தட்டி என்றதும் வெட்டிவேர்த் தட்டி ஞாபகம் வருகிறது. சித்திரையில் சன்னலில் கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள், வெளிக்காற்று அதன் வழியாகக் குளிர்ந்து வரும். அந்தத் தட்டி காற்றை விடுவது. இந்தத் தட்டி தடுப்பது. முரண் இல்லையா?

கிடுகுவேலி எழுதியது:

சூட்டை உள்ளே விடாததுதான் இரண்டுக்கும் வேலை. முரண் இல்லை.

அந்தத் துணி உறைக்கு ஒன்று சொல்லட்டுமா? சூடடிக்கும்போது, அதாவது கதிரடிக்கும்போது, மாடு நெல்லைத் தின்னாமல் வாயில் கட்டுவார்களே, 'வாய்க்கூடை'. மூச்சு விடும், தின்னாது.

பட்டறை எழுதியது:

அண்ணே, இந்த மொத்தப் பேச்சிலும் இதுதான் சொல். நாளைக்கே கடையில் 'ஒரு வாய்க்கூடை கொடு' என்று கேட்டுப் பார்க்கிறேன்.

தூய்மை எழுதியது:

வாய்க்கூடைக்கு மறுப்பில்லை. வெப்பத்தட்டியைப் பொறுத்துக்கொள்கிறேன். 'நீரடைப்பு' போய்விட்டது, அந்த இடத்தில் 'நீர்ப்பூட்டு' வைக்கலாம்.

ஓலை எழுதியது:

வாய்ப்பூட்டு என்றால் வாயைப் பூட்டுவது. அப்படியானால் நீர்ப்பூட்டு நீரைப் பூட்டுவது, அதாவது மதகு. தம்பி சொன்ன தூம்பு! என்னை மதகு என்று விரட்டிவிட்டு நீங்கள் மதகுக்கே வருகிறீர்கள்.

தூய்மை எழுதியது:

பொற்குடம் பொன்னைக் குடிப்பதா? பொன்னால் ஆன குடம். அதுபோல நீரால் ஆன பூட்டு. எந்த வேற்றுமை என்பதை இடம் சொல்லும். நன்னூலைத் திறக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கையேடு எழுதியது:

இன்று மதியம் அனுப்பிவிட்டேன். போனது இது: வெளிச்சாமான் காற்றுக்குழாய், வெப்பத்தட்டி, வாய்க்கூடை, நீர்ப்பூட்டு. நீர்ப்பூட்டு முதல் தடவை வரும் இடத்தில் 'வண்டி தண்ணி குடித்துவிட்டது என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். செல்ஃப் அடிக்காதே என்பதைக் கட்டம் கட்டிப் போட்டாகிவிட்டது. வளியையும் உயிர்த்தூம்பையும் எடுக்க முடியவில்லை, மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி.

கையேடு எழுதியது:

அச்சுப்படி வந்தது. எட்டாம் பக்கத்தில் மூன்று இடத்தில் 'வெட்டித்தட்டி' என்று இருக்கிறது.

பட்டறை எழுதியது:

ரப்பர் பட்டை ஒட்டாத வண்டிக்கு அது சரியான சொல் அக்கா, ஒரு இடத்திலாவது விட்டுவைக்கலாம்.

ஓலை எழுதியது:

எப்படியும் திருத்தம் போகிறது என்றால், காற்றுக்குழாயை உயிர்த்தூம்பு ஆக்க இன்னும் நேரம் இருக்கிறதா? துதிக்கை பற்றிய மடல் தயார்.