கோல்ஃபில் டிரைவர் அடித்தால் பந்து வலப்பக்கம் வளைகிறது, முதுகும் பிடிக்கிறது: எதை முதலில் சரிசெய்வது?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். வயது 46, வலக்கை கோல்ஃப் ஆட்டம், ஹேண்டிகேப் 26, அதாவது இன்னும் சுமார் ஆட்டம்தான். சென்னை போகும்போதுதான் மைதானம் கிடைக்கும். மற்ற நாளில் மொட்டைமாடியும் பக்கத்துக் காலி மனையும்தான்.

டிரைவரில் (தூரம் அடிக்கும் நீளக் கிளப்) பந்து நேராகக் கிளம்பி, பாதி தூரத்தில் வலப்பக்கம் ஓடிவிடுகிறது. அயர்ன் (தட்டையான இரும்புத் தலைக் கிளப்) எடுத்தால் பந்தில் படும் முன்பே மண்ணில் இடிக்கிறது. 12, 13ஆவது குழிக்கு வரும்போது கீழ்முதுகு கல் மாதிரி இறுகிவிடும். நாள் முழுக்க நாற்காலி வேலை.

புது டிரைவர் வாங்குவதா, ஜிம்மில் சேருவதா, பயிற்சியாளரைப் பார்ப்பதா? மூன்றுக்கும் சேர்த்துக் காசு இல்லை.

உப்பளம் செவன் அயர்ன் (புதுச்சேரி)

டிரைவரை மறந்துடுங்க சார். இருக்கிற ஸ்விங்கோடு, அதாவது வீச்சோடு, புது டிரைவர் எடுத்தால் அதே ஸ்லைஸ் (வலப்பக்க வளைவு) இன்னும் பத்து கஜம் தள்ளிப் போய் விழும், அவ்வளவுதான்.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் கிளப் ஃபேஸ்தான் (பந்தில் படும் முகப்பு) முடிவு செய்யும். எந்தப் பக்கம் வளைகிறது என்பது ஃபேஸுக்கும் ஸ்விங் போகும் பாதைக்கும் நடுவில் உள்ள கோணத்தைப் பொறுத்தது. உங்கள் பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது என்றால் ஃபேஸ் இலக்கைத்தான் பார்க்கிறது. ஸ்விங்தான் வெளியிலிருந்து (பந்துக்கு அந்தப் புறமிருந்து) உள்ளே, இடப்பக்கமாக இழுக்கிறது. இதைப் பார்த்துப் பயந்து இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார்கள் பாருங்க, அங்கேதான் வினை. உடம்பு இடப்பக்கம் திரும்பத் திரும்பப் பாதையும் இடப்பக்கம் போகும், வளைவு கூடும்.

முதலில் பந்து ஃபேஸில் எங்கே படுகிறது என்று பாருங்கள். டிரைவர் ஃபேஸில் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தடவி அடித்தால் பட்ட இடம் அச்சாகத் தெரியும். ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் (தண்டு) ஒட்டியிருக்கும் பக்கம், அச்சு விழுந்தால் அதுவே தனியாக ஸ்லைஸைக் கூட்டும். அப்போது ஸ்விங்கைத் தொடும் முன் அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள்.

அடுத்து கிரிப், அதாவது பிடி. இடக்கையால் கிளப்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இரண்டு விரல் முட்டிகளாவது தெரியவேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள ‘வி’ வலது தோளைக் காட்டட்டும். ஒரே முட்டி தெரிந்தால் ஃபேஸ் மூடவே மூடாது, அதாவது இடப்பக்கம் திரும்பாது.

பாதைக்கு ஒரு காலி தண்ணீர் பாட்டில் போதும். பந்துக்கு ஒரு அடி பின்னால், பந்தின் கோட்டிலிருந்து கிளப் தலை அகலம் வெளியே தள்ளி நிறுத்துங்கள். வெளியிலிருந்து வெட்டினால் பாட்டில் பறக்கும். பாதி வேகத்தில் ஆரம்பியுங்கள். முழு வேகத்தில் அடித்தால் உடம்பு பழைய வழிக்கே போய்விடும். காலி மனையில் பிளாஸ்டிக் ஓட்டைப் பந்து மட்டும்தான்! அசல் பந்து 46 கிராமுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அது போதும்.

அயர்னுக்குக் கோலமாவு. மண்ணில் ஸ்விங் திசைக்குக் குறுக்காக ஒரு கோடு இழுங்கள். பந்து வேண்டாம். கோடு இரண்டு காலுக்கும் நடுவில் வருமாறு நின்று 9 அயர்னால் அரை ஸ்விங். மண்ணில் கீறல் கோட்டில் ஆரம்பித்து இலக்குப் பக்கம் போகவேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கமே கீறினால் எடை இன்னும் வலது காலில் கிடக்கிறது என்று அர்த்தம். ஸ்விங் முடியும்போது வலது குதிகால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டாலே பாதி சரியாகும். பத்து அடித்துவிட்டு வேறு கோடு போடுங்கள், ஒரே குழியில் அடித்தால் ஒன்றும் தெரியாது.

பாகூர் பிசியோ

மேலே சொன்னது சரி. ஆனால் இவருக்கு எடை வலது காலிலேயே தங்குவதற்கு இடுப்பும் காரணமாக இருக்கலாம். கீழ்முதுகு எலும்புகள் எல்லாம் சேர்ந்தே 10–15 டிகிரி அளவுதான் திரும்பும். ஸ்விங்கில் மீதித் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்தும் மேல்முதுகிலிருந்தும் வரவேண்டும். நாற்காலியிலேயே இருப்பவர்களுக்கு இந்த இரண்டும்தான் முதலில் இறுகும். அப்புறம் பாரம் முழுக்கக் கீழ்முதுகின் தலையில்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நாற்காலியில் முட்டிகளைச் சேர்த்து உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்புங்கள். 45 டிகிரிக்குக் குறைந்தால் மேல்முதுகு இறுக்கம். பிறகு உட்கார்ந்தபடியே முட்டியை அசைக்காமல் இடது பாதத்தை வெளிப்பக்கம் தூக்குங்கள். வலதைவிட வெகுவாகக் குறைந்தால் இடது இடுப்பு உள்பக்கம் திரும்பவில்லை. அது தேறும் வரை அடிக்க நிற்கும்போது இடது பாதத்தை இலக்குப் பக்கம் 20–30 டிகிரி திருப்பி வையுங்கள். முதுகுக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் போதும், ஜிம் தேவையில்லை. ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, மேல்கையைப் புத்தகம் திறப்பதுபோல் பின்னால் கொண்டுபோவது பக்கத்துக்கு 8. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 10 வீதம் 3 தடவை. சைடு பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துவது) பக்கத்துக்கு 20 விநாடி, மெல்ல 40 வரை.

முக்கியமானது இடுப்பிலிருந்து குனிவது. ஒரு கம்பை முதுகோடு பிடியுங்கள். தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பை விடாமல் பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் குனியவேண்டும். ஏதாவது ஒன்று விலகினால் முதுகு வளைகிறது. இது கைவந்த பிறகு இரண்டு கையிலும் 5 லிட்டர் கேன் பிடித்து அதையே 8 தடவை. பாதி நிரப்பிய கேன் வேண்டாம், தண்ணீர் ஆடும்போது முதுகு வெட்டும்.

வலி காலுக்குள் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ இதில் எதுவும் செய்யாமல் மருத்துவரைப் பாருங்கள்.

சில்வர் பீச் சிப்பர்

மைதானம் இல்லாமல் ஸ்கோரைக் குறைக்கச் சீக்கிர வழி சிப்பும் (கிட்டத்திலிருந்து மெல்லத் தூக்கிப் போடுவது) பட்டும்தான் (குழியை நோக்கி உருட்டுவது). டிரைவரை ஒரு ஆட்டத்தில் 14 தடவைக்கு மேல் எடுக்கமாட்டீர்கள்.

பட் பழக, 2 அடி டைல்ஸ் போட்ட வீடென்றால் இணைப்புக் கோடே போதும். பந்து ஒரு மீட்டர் தூரம் அந்தக் கோட்டை விட்டு விலகக்கூடாது. குழி 108 மில்லிமீட்டர், பந்து 43க்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டரில் ஒரு டிகிரி தவறினால் 17 மில்லிமீட்டர்தான் விலகும், உள்ளே போய்விடும். மூன்று மீட்டரில் அதே ஒரு டிகிரி 52. அங்கே நேராக அடித்தால்தான் உண்டு. வேகத்தை டைல்ஸில் பழகாதீர்கள், கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை) எல்லாம் குட்டையாக நின்றுவிடும்.

சிப்புக்கு மாடியில் துண்டு விரித்து, பந்து அதில் விழவேண்டும் என்று பழகுங்கள். சமதரைக் கிரீனில் சாண்ட் வெட்ஜில் (பந்தை உயரத் தூக்கும் கிளப்) அடித்த பந்து பறந்த தூரமே உருளும், பிட்சிங் வெட்ஜ் இரண்டு பங்கு, 9 அயர்ன் மூன்று பங்கு. பங்கருக்கு (மைதானத்து மணல் பள்ளம்) தேவனாம்பட்டினம் மணல் இருக்கவே இருக்கிறது.

உப்பளம் செவன் அயர்ன் (புதுச்சேரி)

பங்கர் விஷயத்தில் ஒத்துக்கொள்ள முடியாது. அலை தொடும் ஈர மணல் கெட்டி. ஃபேஸைத் திறந்து, அதாவது வலப்பக்கம் திருப்பி, அடித்தால் கிளப் துள்ளி பந்தின் வயிற்றில் அடிக்கும். அங்கே பழகினால் ஃபேஸை மூடியே அடிக்கக் கற்றுக்கொள்வார். கரையேறி, கால் புதையும் காய்ந்த மணலில் கோடு போட்டு, கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் பின்னாலிருந்து மணலை அள்ளிப் பழகலாம். பந்து வேண்டாம், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகணும்.

கெடிலக்கரை (கடலூர்)

நன்றி. பாதத்தைச் சோதித்தேன், இடது பக்கம் பாதிகூட வரவில்லை. ஆடும் நாளில் வண்டியிலிருந்து இறங்கியவுடன் என்ன செய்யலாம்? வெயிலுக்கும் சொல்லுங்கள்.

பாகூர் பிசியோ

ஈசிஆரில் மூன்று மணி நேரம் மடங்கி உட்கார்ந்துவிட்டு இறங்கியதும் டிரைவரைத் தொடாதீர்கள். ஐந்து நிமிடம் வேகநடை, கால் வீசுவது, கிளப்பைத் தோளில் வைத்துத் திரும்புவது. பிறகு வெட்ஜில் அரை ஸ்விங் பத்து, அதற்கப்புறம் முழு ஸ்விங். நீட்டிப் பிடித்தபடி அரை நிமிடம் நிற்கும் பயிற்சியெல்லாம் ஆட்டம் முடிந்தபின்.

18 குழி நடந்தால் 8–10 கிலோமீட்டர். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், தாகம் எடுக்கக் காத்திருக்காமல். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்கணும்; குறைந்த தண்ணீரில் கரைத்துக் குடித்தால் வயிறு கலங்கும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

சில்வர் பீச் சிப்பர்

மணலில் பழகினால் வந்ததும் கிளப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். நம்ம உப்புக்காற்றில் ஸ்டீல் ஷாஃப்ட் கிரிப்புக்கு (கைப்பிடி உறை) உள்ளேயும் துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. கிரிப் வழுக்கினால் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். பையைக் கார் டிக்கியில் வெயிலில் விடவேண்டாம், தலையை ஒட்டியிருக்கும் பசை இளகும். கையுறை இரண்டு வைத்து மூன்று குழிக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஈரமானதைப் பைக்கு வெளியே மாட்டிக் காயவிடுங்கள்.