ஆறடி பவளத் தொட்டி: வைத்தவர்கள் பட்டது

"பெரிய தொட்டி தப்பை மன்னிக்கும்" என்று கடல் மீன் வளர்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பித்தான் இரண்டடித் தொட்டியிலிருந்து ஒரே தாவலில் ஆறடிக்குப் போனேன். இரண்டு வருடம் ஆகிறது. மன்னிக்கும்தான். ஆனால் எந்தத் தப்பை மன்னிக்கும், எதை மன்னிக்காது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

பழைய தொட்டியில் தொண்ணூறு லிட்டர்கூட இல்லை. புதியது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். மொத்தம் 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக ஏறக்குறைய 680 லிட்டர். கடல்நீர் சாதாரணத் தண்ணீரைவிடக் கனம் என்பதால் தண்ணீர் மட்டுமே 700 கிலோவை எட்டிவிடும். அதற்கு மேல் கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு, அடியில் சம்ப் (மேலே வழியும் தண்ணீர் வந்து சேரும் கீழ்த்தொட்டி). கூட்டிப் பார்த்தால் ஒரு டன்னுக்குக் குறையாது. அந்த ஒரு டன் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நிற்கப்போகிறது என்னும்போது, தரை தாங்குமா, உத்தரம் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கட்டடம் தெரிந்தவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நான் கேட்டேன். சுவரை ஒட்டி, உத்தரங்களுக்குக் குறுக்காக வை என்றார். கூடத்தின் நடுவில் வைக்கும் ஆசை அன்றோடு போயிற்று.

ரசமட்டம் வைத்தபோது ஸ்டாண்டு சரியாகத்தான் இருந்தது. ஒழுகுகிறதா என்று பார்க்கக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். இடது மூலையில் தண்ணீர் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே நின்றது, வலது மூலையில் நாலரை. பாரம் ஏறியதும் வலது கால் இறங்கியிருக்கிறது. அரை சென்டிமீட்டர்தானே என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி ஒட்டுக்கு அந்தச் சமாதானம் புரியுமா? மறுநாள் அத்தனையும் இறைத்து, காலுக்கு அடியில் தகடு செருகி, திரும்பவும் நிரப்பினேன். முதுகு ஒரு வாரம் வலித்தது.

ஆர்.ஓ. இயந்திரம் நாளுக்கு 380 லிட்டர் தரும் என்று அட்டையில் போட்டிருந்தது. அது தண்ணீர் நல்ல அழுத்தத்தோடு வந்தால். எனக்கு மூன்று நாள் ஓடியது. மிச்சமுள்ள உப்பையும் எடுக்கிற டி.ஐ. வடிகட்டியைத் தாண்டி வருவதில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் பொருள்களின் அளவு, பூஜ்யம் காட்டிய பிறகுதான் தொட்டிக்குள் விட்டேன். உப்பு 24 கிலோ போல ஆயிற்று. உள்ளே உயிர் ஒன்றும் இல்லாத முதல் தடவை மட்டும் தொட்டியிலேயே கலக்கலாம், அதற்கப்புறம் தனி டிரம்மில்தான்.

இந்த இடத்தில் ஒரு வெட்கக்கேடு. உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை அதுவரை டி.ஐ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் 32 காட்டுகிறது. அதாவது பழைய தொட்டியில் நான் 35 என்று நினைத்திருந்தது உண்மையில் 38 போல இருந்திருக்கிறது. பவளமெல்லாம் சுருங்கிச் சுருங்கிக் கிடந்ததற்கு விளக்கைக் குறை சொல்லி, புது விளக்கே வாங்கி மாட்டியிருந்தேன்.

இனி வெள்ளக் கதை. ரிட்டர்ன் பம்ப் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும், மேலே ஓரப் பெட்டியில் வழிந்து அது திரும்பக் கீழே வரும். பம்ப் நின்றால் வழிவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும். ஆனால் மேலே தண்ணீர் விடும் குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருந்தால், அது தலைகீழாக உறிஞ்ச ஆரம்பிக்கும். வாய் வெளியே தெரிகிற வரைக்கும் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இது எனக்குப் புதிதல்ல, சின்னத் தொட்டியிலும் நடந்திருக்கிறது. அங்கே ஓர் அங்குலம் இறங்கினால் ஆறு லிட்டர். ஒரு பழைய துண்டு போதும்.

ஆறடிக்கு இரண்டடிப் பரப்பில் ஓர் அங்குலம் என்றால் 28 லிட்டர். என் குழாயின் வாய் இரண்டு அங்குலம் கீழே இருந்தது. குழாய்க்குள் நின்ற தண்ணீர், ஓரப் பெட்டியில் நின்ற தண்ணீர் எல்லாம் சேர்ந்து 65 லிட்டருக்கு மேல் இறங்கியது. சம்ப்பில் காலியாக இருந்த இடம் 40 லிட்டருக்குத்தான். முதல் மின்தடை வந்தது ராத்திரி. இருட்டில் எழுந்து நடந்தேன், கால் சில்லென்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர், அதன் நடுவில் மின் நீட்டிப்புப் பலகை. அதைத் தரையில் போட்டு வைத்தவன் நான்தான். மின்சாரம் இல்லாத நேரத்தில் கால் வைத்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மூன்று வேலை செய்தேன். குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே கொண்டுவந்தேன். நீர்மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டேன், மட்டம் கொஞ்சம் இறங்கியதும் அது காற்றை இழுத்து உறிஞ்சலை அறுத்துவிடும். பலகையைச் சுவரில் உயரமாக மாட்டி, ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி வைத்தேன். ஒயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே நடந்தது. காய்ந்த கல்லை வைத்து, கழிவைத் தின்னும் பாக்டீரியா பெருகும் வரை அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்க ஐந்து வாரம். அப்புறம் மணலெல்லாம் பழுப்பு, அதற்கப்புறம் பச்சை மயிர்ப்பாசி. நாலைந்து மாதம் அவலட்சணமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

* * *

அண்ணா, மன்னிக்காத தப்பு என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. அதற்கு வெள்ளமும் இல்லை, சத்தமும் இல்லை.

என்னுடையது 600 லிட்டர், பாதிக்கு மேல் அக்ரோபோரா என்னும் கிளைவிடும் கல் பவளம். கல் பவளங்கள் எலும்பு கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் தின்றுகொண்டே இருக்கும். சின்னத் துண்டுகளாக இருந்த காலத்தில் வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே சரியாகிவிட்டது. அவை வளர்ந்த பிறகு காரத்தன்மை ஒரு நாளைக்கு ஒரு டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) இறங்க ஆரம்பித்தது. என் தொட்டிக்கு ஒரு டி.கே.எச். ஏற்றச் சமையல் சோடா கணக்கில் 18 கிராம். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் டோசிங் பம்ப் மாட்டி 8.5-இல் நிறுத்தி வைத்திருந்தேன், அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

நாலு நாள் வெளியூர். கிளம்புகிற அவசரத்தில் டோசிங் கேனை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளே தீர்ந்திருக்கிறது. திரும்பி வந்து அளந்தால் 6. பவளங்கள் அப்போதும் நன்றாகத்தான் இருந்தன, நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். விட்டிருந்தால் பிழைத்திருக்கும். நான் பதறிப்போய் அன்று ராத்திரியே திரும்ப எட்டரைக்கு ஏற்றினேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு கொத்தின் அடியில் விரல் நகம் அளவுக்கு வெள்ளை. மாலைக்குள் அந்த வெள்ளை கிளை பிரிகிற இடம் வரைக்கும் ஏறிவிட்டது. ஈரத்தாள் கிழிகிற மாதிரி தோல் இழை இழையாகத் தண்ணீரில் ஆடியது. ஏழு கொத்து போனது. இரண்டு வருட வளர்ச்சி.

இறங்கியது என் கவனக்குறைவு, செத்தது என் அவசரம். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்றுவதே இல்லை, எவ்வளவு இறங்கியிருந்தாலும் சரி. கேனுக்கு வெளியே பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

* * *

நான் சொல்வது திருடன் கதை.

கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கல், லைவ் ராக் என்பார்கள், அதைப் போட்டு ஆரம்பித்தேன். ஒரு மாதம் கழித்து ராத்திரியில் "டொக்" என்று ஒரு சத்தம். கண்ணாடியை யாரோ சுண்டுகிற மாதிரி. வெப்பத்துக்குக் கண்ணாடி விடுகிறதோ என்று பயந்து ஒட்டையெல்லாம் தடவிப் பார்த்தேன். அப்புறம் காலையில் உடைந்த நத்தை ஓடுகள். முதலில் ஒன்று, பிறகு தினமும். சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு பொந்துக்குள் இரண்டு கண் தெரிந்தது. காம்பின் மேல் வைத்த மாதிரி, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் தனித்தனியாகச் சுழலும் கண்கள். மேண்டிஸ் இறால், அதுவும் குத்துகிற வகை இல்லை, அடித்து உடைக்கிற வகை.

சின்னத் தொட்டியாக இருந்தால் அந்தக் கல்லைத் தூக்கி வெளியே வைத்திருப்பேன். இங்கே கற்களைச் சிமெண்டு போட்டு ஒட்டி, ஒரு குகை, ஒரு வளைவு என்று கோட்டை கட்டியிருந்தேன். பெரிய தொட்டியில் திருடனுக்கும் வீடு பெரிசு. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்தால், காலையில் துண்டு இல்லை, அவரும் இல்லை. பதினோரு ராத்திரி. பன்னிரண்டாவது ராத்திரி மாட்டினார். கொல்ல மனசு வரவில்லை. பழைய 40 லிட்டர் தொட்டியில் தனியாக இருக்கிறார். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் பெரிய தொட்டியை விட்டுவிட்டு அவரைத்தான் பார்க்கிறார்கள்.

கையை மட்டும் பொந்துக்குள் விடாதீர்கள், விரலைக் கிழித்துவிடும்.

* * *

மீனைப் பிடிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் ஒரு டாங் மீனை நேராக உள்ளே விட்டேன். பத்தாம் நாள் உடம்பெல்லாம் உப்புத்தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி. செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் போட முடியாது, பவளமும் இறாலும் போய்விடும். எல்லா மீனையும் வெளியே எடுத்துத்தான் மருந்து. ஆறடி நீளத்தில் வலையை வைத்துக்கொண்டு ஒன்பது மீனைத் துரத்திப் பார்த்தால்தான் தெரியும். கடைசியில் தண்ணீரில் பாதியை டிரம்களில் இறைத்து, கல்லையெல்லாம் பிரித்துப் பிடித்தேன். பிறகு, ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாகட்டும் என்று 76 நாள் மீனே இல்லாத தொட்டி. இரண்டரை மாதம் வெறும் பவளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் தனித்தொட்டியில் வைக்கச் சோம்பல்பட்டதற்கு இந்தக் கூலி.

* * *

தம்பிகளே, இதைச் சிரிப்பாக எழுத முடியவில்லை.

ஒரு கல் முழுக்கப் பாலிதோவா பரவிவிட்டது. பழுப்பு நிறத்தில் பொத்தான் பொத்தானாக இருக்குமே, அந்தப் பவள இனம். கல்லை வெளியே எடுத்துப் பக்கெட்டில் வைத்து இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தேன். கையுறை போட்டிருந்தேன், கண்ணுக்குக் கண்ணாடி போடவில்லை. தேய்க்கும்போது முகத்தில் தெறித்தது, துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். ஒரு மணி நேரத்தில் வாயில் இரும்பைச் சப்பின மாதிரி ஒரு கசப்பு. அப்புறம் குளிர், தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சு இழுத்தது, கண் சிவந்து திறக்க முடியவில்லை. வீட்டில் இருந்தவர்கள் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் சரியாயிற்று. அங்கே "மீன் தொட்டியைக் கழுவினேன்" என்று சொன்னால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? அதன் விஷத்துக்குப் பாலிடாக்சின் என்று பெயரைச் சொன்ன பிறகுதான் விசாரித்துப் பார்த்தார்கள்.

பாலிதோவாவோ அதன் உறவான சோவாந்தஸோ உள்ள கல்லை வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொதிநீரில் அந்த விஷம் அழியாது, ஆவியோடு கிளம்பி வீட்டில் இருக்கிற எல்லாரையும், நாய் பூனையையும் சேர்த்துப் படுக்கப்போட்டுவிடும். வெட்ட வேண்டியிருந்தால் கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் வேண்டும், கையில் சின்னக் காயம்கூட இருக்கக் கூடாது. அந்தக் கல்லை இப்போது நான் தொடுவதில்லை. பரவினால் பரவட்டும்.

* * *

அக்கா சொன்னதைப் படித்ததும் போய்க் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துவிட்டேன். என்னிடமும் அந்தப் பொத்தான் ஒரு கல்லில் இருக்கிறது.

இரண்டரை அடி உயரத்தில் செய்யலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இரண்டடிக்கே அடியில் விழுந்த துண்டை எடுக்க முக்காலி போட்டு ஏறி, அக்குள் வரை நனைய, கன்னம் தண்ணீரில் பட எட்ட வேண்டியிருக்கிறது. உயரம் வேண்டாம், அந்தக் காசுக்கு அகலத்தைக் கூட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல விட்டுப்போனது. உறிஞ்சலை அறுக்க ஒரு துளை போட்டேன் என்றேன் அல்லவா. ஞாயிற்றுக்கிழமைதோறும் ரிட்டர்ன் பம்ப்பை நானே அணைத்து, சம்ப்பில் மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பது வழக்கம். ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பம்ப்பை அவசரமாகப் போட்டுவிட்டு, டார்ச்சோடு குழாயைப் போய்ப் பார்த்தேன். பாசி தின்னட்டும் என்று நான் வாங்கிவிட்ட நத்தைகளில் ஒன்று, அத்தனை பெரிய தொட்டியில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, சரியாக அந்த 6 மி.மீ. துளையின் மேல் அப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது துளை ஒன்று போட்டுவிட்டேன், ஒரு சாண் தள்ளி.