புதுப்பிப்பு: யாழ்க் காசுப் பதக்கம்

யாழ் பொறித்த இஸ்ரேலின் அரை ஷெக்கல் காசில் துளை போட்டுப் பதக்கமாக அணியச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். பலரும் கேட்டது துளையைப் பற்றித்தான்.

காசு 26 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. தடிமன். அலுமினிய வெண்கலம் கெட்டியானது. குறி குத்தாமல் தொடங்கினால் துளைமுனை வழுக்கி யாழின் நரம்புகளையே கீறிவிடும். 1.5 மி.மீ. முனை, ஒரு சொட்டு எண்ணெய், மெதுவான வேகம் போதும். பின்புற விளிம்பில் எழும் பிசிறைப் பெரிய முனையால் கையாலேயே சுரண்டுங்கள். விட்டால் கயிற்றை அறுக்கும்.

துளையே வேண்டாமென்றால் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பத்தரிடம் காசைச் சுற்றிச் சட்டம் கட்டச் சொல்லலாம். பற்றவைப்பை முடித்த பிறகே காசை உள்ளே வைக்க வேண்டும், சூட்டில் நிறம் மாறிவிடும். நம்மூர் வியர்வைக்குக் கழற்றியதும் துடைப்பது அவசியம். இந்தக் காசில் 2 விழுக்காடு நிக்கல் உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்கவும்.

இதற்குப் பதிலாக உங்களிடம் இருப்பது குப்த மன்னர் சமுத்திரகுப்தர் வீணை வாசிக்கும் அசல் பொற்காசாக இருந்தால் தயவுசெய்து துளைக்காதீர்கள்.